கூட யார்?

நான் எழுதிய பொய்களிலேயே உருப்படியானது ஓர் இன்லண்ட் லெட்டரில் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. "ஆஸ்பத்திரிக் கார்டில் இந்தத் தேதிதான் போட்டிருக்கிறது" என்று என் அம்மாவுக்கு எழுதினேன். போட்டிருந்தது உண்மை. அந்தக் கார்டு என்னுடையது இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. இன்லண்டில் இருக்கிற இடத்தில் எல்லாவற்றையுமா எழுத முடியும்?

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. கல்யாணமான கையோடு தாமிரபரணிக் கரையிலிருந்து ஐதராபாத்துக்கு வந்திருந்தேன். ஐதராபாத் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டோம்; உண்மையில் அமீர்பேட்டையெல்லாம் தாண்டி கம்பெனி பஸ் மேற்கே போய்க்கொண்டே இருக்கும், இனி ஊரே இல்லை என்று தோன்றும்போது எங்கள் குடியிருப்பு வரும். என் கணவருக்கு அங்கே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. காலை ஆறு மணிக்கு ஒரு சங்கு, எட்டுக்கு ஒன்று, பகல் இரண்டுக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று. பால் காய்வதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் மாமியார்கள் கோபித்துக்கொள்வதும் சங்கு ஊதித்தான். ஆளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே அங்கே மறந்துபோகும். குவார்ட்டர்ஸ் நம்பர்தான் பெயர். நான் பி இருபத்தேழு. என் கணவரும், பாவம், பி இருபத்தேழு.

எங்கள் குடியிருப்பு ஆஸ்பத்திரியின் மருத்துவச்சியை எல்லோரும் சிஸ்டரம்மா என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்த குடும்பம். ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் என்னிடம் பேசுவது தமிழ்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. "கைக்கு பயம்? நக்கோ. நான் கீறேன் இல்ல?" என்பார். கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், எல்லாம் அந்த ஊர் உருது. பாதி புரியாவிட்டாலும் பயம் என்னவோ போய்விடும்.

வாரத்தில் இரண்டு நாள் நகரத்திலிருந்து லேடி டாக்டர் வருவார். சிக்கலானவர்கள் அவருக்கு. மற்ற எல்லோரும் சிஸ்டரம்மாவின் சொத்து. மூன்றாம் மாதம் உங்கள் வயிற்றில் கை வைத்தவர் எவரோ அவர்தான் பிள்ளையை எடுப்பார், அதற்குப் பிறகு பத்து நாளும் வீட்டுக்கு வந்து பார்ப்பார், நாற்பதாம் நாள் வரை உங்களை விடமாட்டார். நடுவில் ஆள் மாறுகிற பேச்சே இல்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம், நாலு மாநிலத்து வயிறுகளும் ஒரே பெஞ்சில். மற்ற நாட்களில் குடையும் பையுமாக அவரே வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் முதலில் அடுப்படியை எட்டிப் பார்ப்பார், பிறகு மாமியாரைப் பார்ப்பார், கடைசியில்தான் வயிற்றை. எந்த வீட்டில் நெய் எந்த டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மாமியார்கள் அவரைப் பார்த்தால் பேச்சை வானிலைக்கு மாற்றுவார்கள்.

அவரிடம் ஒரு மரக்குழல் உண்டு. சின்னப் புனல் மாதிரி இருக்கும். அதன் அகன்ற வாயை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். ஒருநாள் என் கணவர் வீட்டில் இருந்தபோது வந்தவர், "வாங்க சார், நீங்களும் கேளுங்க" என்று குழலை நீட்டிவிட்டார். என் கணவரோ என்னைத் தொடுவதற்கே ஜன்னலைச் சாத்துகிறவர். வெட்கத்தில் காது சிவந்தபடி குனிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிஷம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "நூத்தி நாப்பத்திரெண்டு. டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு" என்றார். சிஸ்டரம்மா சிரித்த சிரிப்பில் குழல் கீழே விழுந்தது. ஆனால் அன்று முதல் இவர் தினமும் சாயங்காலம் குழல் இல்லாமலே காதை வைத்துப் பரிசோதனை செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் புதன்கிழமை சிஸ்டரம்மா எனக்கு ஒரு கார்டு போட்டார். கம்பெனி அச்சடித்த மஞ்சள் கார்டு. மாதம், எடை, ரத்த அழுத்தம், எத்தனையாவது பிரசவம் என்று இங்கிலீஷில் கட்டம் கட்டமாக இருக்கும். அச்சில் இல்லாத ஒரு கேள்வியை எல்லாக் கார்டிலும் அடியில் பேனாவால் அவரே எழுதி வைத்திருப்பார்: கூட யார்?

"கூட யாரும்மா?" என்றார்.

"நீங்கதான் சிஸ்டரம்மா" என்றேன், பெரிய ஐஸ் வைப்பதாக நினைத்துக்கொண்டு.

"நான் வேலைக்கு வர்றேன். சம்பளம் வாங்கறேன். அது வேற. உன் கூட யாரு?"

என் கணவரைச் சொன்னால் அவர் அங்கேயே மயங்கி விழுவார். வேறு யாரையும் சொல்லத் தோன்றவில்லை. சிஸ்டரம்மா அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். "ரோசன பண்ணி சொல்லு. அவசரம் நக்கோ."

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பற்றி யாரும் பெண்ணிடம் கேட்பதுகூட இல்லை. எனக்கோ போகக் கூடாது. எப்படியாவது சிஸ்டரம்மா கையிலேயே பெற்றுக்கொண்டுவிட வேண்டும். அம்மா மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அவள் வைக்கிற புளிக்குழம்புக்காகவே நான் இன்னும் இரண்டு பெறத் தயார். பயந்தது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அக்காவின் தலைப்பிரசவம் அங்கேதான் நடந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவும் நானும் வெளியே மர பெஞ்சில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அக்காவின் குரல் கேட்கும், மூடினால் நின்றுவிடும். நர்சுகள் மாறினார்கள், மறுபடி மாறினார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பொல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன்; எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். குழந்தையும் அக்காவும் நல்லபடியாகத்தான் வெளியே வந்தார்கள். ஆனால் அக்கா ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பல மாதம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "வலி மறந்துட்டு. ஒவ்வொரு மட்டமும் கதவத் தொறந்துட்டு வந்த மூஞ்சி வேற வேறயா இருந்துது பாரு, அதுதாம்ட்டி மறக்க மாட்டேங்கு."

இதையெல்லாம் அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நேராகச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வளைத்துச் சொல்வதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவர் ஆஸ்பத்திரி ரெக்கார்டு கிளார்க்.

எங்களுக்குக் கீழே, தரைத்தளத்தில், பி இருபத்தைந்தில் ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள். நான் அவளை வதினா என்பேன். அண்ணி என்று அர்த்தம். அவளுக்கு மூன்றாவது, என்னைவிட ஏழு வாரம் பின்னால். எனக்கு மாடியில் தண்ணீர் ஏறவில்லை. அவளுக்கோ, இரண்டு தெரு தள்ளி மூத்த மகன் வீட்டில் இருந்த மாமியார் தினமும் வந்துவிடுவது பெரும்பாடாக இருந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் தெரிந்ததும் வதினாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அந்த வாரமே நாங்கள் வீட்டை மாற்றிக்கொண்டோம். எஸ்டேட் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்தோம். அது எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேரும்போது அனுமதிக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் கார்டுகளை நம்பர் போட்ட பெட்டியில் வைத்திருப்பார்கள். வீடு மாறியதை நான் போய்ச் சொன்னேன். கிளார்க் இரண்டு கார்டிலும் நம்பரை அடித்துத் திருத்தினார். இரண்டு நாள் கழித்து வதினாவும் பொறுப்பாகப் போய்ச் சொன்னாள். அன்று வேறொரு கிளார்க். அவரும் பொறுப்பானவர். அவரும் அடித்துத் திருத்தினார். ஒருமுறை திருத்தினால் சரியாகும். இரண்டுமுறை திருத்தினால் பழையபடி ஆகும். அடுத்த புதன்கிழமை "பி இருபத்தஞ்சு" என்று கூப்பிட்டார்கள், நான் எழுந்து போய்க் கார்டை வாங்கினேன். திறந்தால், எனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மூன்றாவது பிறக்கப்போகும் தேதி ஏழு வாரம் தள்ளி.

சிஸ்டரம்மா அறைக்குள் படுத்தேன். அவர் எப்போதும் முதலில் கையைத்தான் வைப்பார், கார்டு அப்புறம். கை வைத்தார், விரல்களால் அளந்தார், குழலை வைத்தார், தலையாட்டினார். பிறகு கார்டைத் திறந்தவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா இது? ரெண்டு புள்ள எப்போ பெத்த, எனக்கு சொல்லாம?" கார்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கிளார்க்கைத் தெலுங்கிலும் உருதுவிலும் சமமாகக் கவனித்துவிட்டு, என் கார்டோடு திரும்பி வந்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனால் அந்தத் தேதி என் தலைக்குள் போய்விட்டதே. ஏழு வாரம்! அந்தக் கணக்கில் அம்மா ஏழாம் மாதம் என்று நினைத்து வரும்போது எனக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கும். ஒன்பதாம் மாதத்துக்காரியை இரண்டு ரயில் மாற்றி எந்த அம்மா இழுத்துக்கொண்டு போவாள்? அன்று மத்தியானமே உட்கார்ந்து அந்த இன்லண்டை எழுதினேன். எழுதிவிட்டு அப்பளம் பொரித்துச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவிடமிருந்து பதில் வந்தது. வருகிற தேதி, வளைகாப்பு நாள், திரும்பிப் போக எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட், எல்லாம் ஏற்பாடாகிவிட்டதாம். அதைப் பெருமையாகக் கொண்டுபோய் சிஸ்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் குழலை மேசையில் வைத்துவிட்டார்.

"வதினா தேதிய எழுதினியா?"

"கார்டுல இருந்தததான் எழுதினேன்."

"ஹவ், பெரிய வக்கீலு." அவர் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் உன்ன அஞ்சு மாசமா பாக்கறேன். என் கைய ஒரு தப்பு கார்டு ஏமாத்தல. உங்கம்மா இருபத்திரெண்டு வருசமா பாக்கறாங்க. அவங்க கண்ணு ஏமாறுமா? இங்க பாரு, என்கிட்ட பெத்துக்கணுமா, பெத்துக்கோ, எனக்கு சந்தோசம். ஆனா பொய்க்கு நான் பிரசவம் பாக்கறது இல்ல. நீயே உண்மைய எழுதி போடு. இல்லன்னா லேடி டாக்டரம்மாகிட்ட போ."

எழுதினேன். அழுதுகொண்டே எழுதியதால் கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது. ஒட்டினேன், விலாசம் எழுதினேன், கைப்பையில் வைத்தேன். தபால்பெட்டி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில்தான். ஒவ்வொரு புதனும் அதைக் கடந்து போவேன், வருவேன். "லெட்டர் போட்டியா?" என்று சிஸ்டரம்மா கேட்டார். "போட்டேன்" என்றேன். இது சுத்தமான பொய். இதில் எந்தச் சிறப்பும் இல்லை.

அம்மா வந்தாள். பெரியண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாளே திரும்பினான். வளையலுக்கே பேர்போன ஐதராபாத்துக்கு ஊரிலிருந்து ஒரு பெட்டி நிறைய கண்ணாடி வளையல், ஒன்றுகூட உடையாமல், துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். வாசலில் நின்ற என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். வயிற்றில் பார்வை நின்றது.

"ஏட்டி, இது ஏழு மாச வயிறா?"

"இங்க சாப்பாடு அப்படிம்மா."

"யாருக்குக் காது குத்துத? அஞ்சு பெத்தவட்டி நான். குழந்த கீழ எறங்க ஆரம்பிச்சிட்டு, இவ ஏழுங்கா." நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. "எவ இங்க கணக்குப் போடுதது? மாசக் கணக்கே தெரியாதவ கையிலயா ஒன்ன விட்டுருக்கோம்? நாளைக்கு வாரேன், பெரிய டாக்டர்ட்டயே சொல்லுதேன்."

மறுநாள் புதன்கிழமை. லேடி டாக்டர் வருகிற நாளும் அதுதான். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், சண்டைக்கு. வராந்தா நிறைய பெண்கள். சிஸ்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்ததும் அம்மா எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நீங்கதான இங்க பிரசவம் பாக்குதது? ஒரு தேதி ஒழுங்காச் சொல்லத் தெரியாதா ஒங்களுக்கு? ரெண்டு மாசத்த முழுங்கிட்டு நிக்கிய! என் மகளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

சிஸ்டரம்மா கோபிக்கவில்லை. குழப்பமாகத்தான் பார்த்தார். "கைக்கும்மா? உங்க பொண்ணு போட்ட லெட்டர் வரலியா?"

"எந்த லெட்டர்?"

சிஸ்டரம்மா என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். லேடி டாக்டரின் அறைக்கதவு திறந்திருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பு சிஸ்டரம்மா தலையில் விழும், எனக்குத் தெரியும். அவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன். அதை அவர் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, ஓரமெல்லாம் மடங்கி அழுக்காகிப்போயிருந்த இன்லண்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். "தப்பு அவங்களுது இல்லம்மா. நான்தான். தெரிஞ்சேதான் எழுதினேன்."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் விலாசம் போட்ட லெட்டரைத் தன் மகள் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். எழுத்துக் கூட்டி உதடசைத்து வாசிக்கிறவள். அந்த மெல்லிய குரலைக் கேட்பதற்காக வராந்தாவே பேச்சை நிறுத்தியது. தமிழ் தெரியாதவர்களுக்கு வதினா கிசுகிசுவென்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தமிழ் பாதிதான் தெரியும், மீதியைத் தானே சேர்த்துக்கொண்டாள். பின்னால் இருந்த பஞ்சாபிப் பெண் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தால், வதினா சேர்த்தது நன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

லெட்டரில் பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவுக்கு வலி வந்தபோது நாம் இரண்டு பேரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோமே, அது எனக்கு மறக்கவில்லை, எனக்கு உள்ளே தெரிந்த முகம் ஒன்று வேண்டும், இங்கே அது இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தெரிஞ்ச மூஞ்சிங்குத" என்றாள். "அந்தக் கதவுக்கு வெளிய நான் நின்னேம்லா? உள்ள விடுங்கன்னு எத்தன மட்டம் கேட்டேன், நீ பாக்கலியா? விட்டாங்களா என்னைய?" லெட்டரை மடியில் போட்டாள். "என் மூஞ்சி ஒனக்குத் தெரிஞ்ச மூஞ்சி இல்லியாட்டி?"

இத்தனை நாளில் அம்மாவுக்கும் அந்தக் கதவு மூடியிருந்தது என்று நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"இங்க விடுவேன்மா" என்றார் சிஸ்டரம்மா.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளயா? நானா?"

"ஹவ். நீங்கதான். ஆனா கூட இருந்து திட்டறது நக்கோ." என் கார்டை வரவழைத்து, கிளார்க்கின் காதிலிருந்தே பேனாவை உருவி, எத்தனையோ மாதமாகக் காலியாக இருந்த இடத்தில் எழுதினார். இங்கிலீஷில் ஒரே வார்த்தை: மதர். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தும் கார்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணச் சொல்லணும் மாப்பிள்ளைய" என்றாள்.

வளைகாப்பை ஒன்பதாம் மாதத்திலேயே வைத்தோம். வதினாவின் மாமியாரும் வந்தார், எங்கள் வீடு இப்போது தரைத்தளம் ஆயிற்றே.

வலி ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆறு மணிச் சங்கோடு ஆரம்பித்தது. எட்டு மணிச் சங்குக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். என் கணவர் வராந்தாவில் கடிகாரத்தோடு உட்கார்ந்து வலிக்கும் வலிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டிருந்தார்; எனக்கு வலிப்பது வெளியே கேட்டதால் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்தார். உள்ளே அம்மா என் இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். சிஸ்டரம்மா எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்திருந்தார். திட்டக் கூடாது என்ற நிபந்தனையை அம்மா மத்தியானம் வரை காப்பாற்றினாள். அதற்குப் பிறகு என்னை விட்டுவிட்டு என் அப்பாவைத் திட்ட ஆரம்பித்தாள், அவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. டியூட்டி மாறுகிற நேரம். கதவு திறந்தது. ஒரு புது முகம் எட்டிப் பார்த்தது. அந்த வலிக்கு நடுவிலும் என் உடம்பு விறைத்துப்போனது. என் முதுகில் இருந்த அம்மாவின் கையும் அப்படியே நின்றுவிட்டதை உணர்ந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ போம்மா" என்றார் சிஸ்டரம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "இது என் ஆளு. முடிச்சிட்டுதான் வருவேன்."

கதவு மூடியது. அம்மா மறுபடி அழுத்தினாள், முன்னைவிடப் பலமாக.

நாலரைச் சங்குக்கு முன்னால் மகள் பிறந்துவிட்டாள். சிஸ்டரம்மா அவளைத் தூக்கிக் காட்டியபோது அழுதது மூன்று பேர், நான் அதில் இல்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. அம்மா சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்: "அஞ்சு பெத்துருக்கேன். ஒரு புள்ள பொறக்குததப் பாத்ததே இல்லட்டி."

எங்கள் வழக்கப்படி வளைகாப்பு வளையலைப் பிள்ளை எடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அம்மா என் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி சிஸ்டரம்மாவின் கையில் போட்டாள். ஓயாமல் கழுவிக் கழுவி மெலிந்த கை, வளையல் தானாக ஏறியது. வேலை நேரத்தில் வளையல் கூடாது என்று சட்டமாம். அன்று வீட்டுக்குப் போகும்போது கலகலவென்று ஆட்டிக்கொண்டே போனார்.

பிறகு பத்து நாளும் குடையோடு வந்தார். குழந்தையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், அம்மா வைத்த பத்தியக் குழம்பை ருசி பார்ப்பார். அம்மா தினமும் அவரை வாசல் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். அந்த வழியனுப்பல் நாளாக ஆக நீண்டுகொண்டே போயிற்று. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சிஸ்டரம்மா கேட்டிலிருந்து திரும்பி அம்மாவோடு உள்ளே வந்து, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரம். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயற்சி செய்தேன், குழந்தை கெடுத்துவிட்டாள். வெளியே வந்த அம்மா முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். சிஸ்டரம்மா போகும்போது என்னிடம், "நாப்பதாம் நாள் உங்கம்மாவயும் கூட்டிட்டு வா" என்றார்.

நாற்பதாம் நாளும் புதன்கிழமையாக அமைந்தது. வராந்தா பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான், பக்கத்தில் அம்மா. அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் கார்டு இருந்தது. மருமகனின் மாமியாருக்குக் கம்பெனி வைத்தியம் பார்க்காது, அப்படி ஒரு கட்டமே அவர்கள் ரிஜிஸ்டரில் கிடையாது. சிஸ்டரம்மா எப்படியோ ஒரு கார்டை எடுத்து எங்கள் குவார்ட்டர்ஸ் நம்பரையே போட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"என்ன எழுதிருக்கான்னு வாசி" என்றாள் அம்மா.

வாசித்தேன். கடைசிப் பிரசவத்திலிருந்து அம்மாவுக்கு கர்ப்பப்பை இறங்கிக்கொண்டு வருகிற கஷ்டம் இருந்திருக்கிறது. பதினெட்டு வருஷம். அந்தக் கடைசிப் பிரசவத்தில் பிறந்தவன் என் தம்பி. தண்ணீர்க் குடம் தூக்கினாள், மாவாட்டினாள், இப்போது என் இடுப்பை எட்டுமணி நேரம் அழுத்தினாள். எங்கள் யாருக்கும் தெரியாது. லேடி டாக்டர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பிரசவம் ஐந்து என்று போட்டு, ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக எண் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார். கூட யார்? யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை. நாலாவது வரிசை நான்.

"ஆமா" என்றாள் அம்மா. "சரியாத்தான் எழுதிருக்கா." பிறகு, "கீழ இன்னும் ஒண்ணு கெடக்கே, அது என்ன?"

ஆறாவதாக ஒரு வரி இருந்தது. அன்றைய தேதி போட்டு, அதே கேள்வி. எதிரே ஒரே வார்த்தை. மகள்.

அந்த வார்த்தை மேல் விரலை வைத்து, அதே விரலால் என்னைக் காட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பக் கேட்காமல், குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

உள்ளிருந்து கிளார்க் கூப்பிட்டார்: "பி இருபத்தஞ்சு!"

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.